காரைத் தேய்க்கிறார்களா, கரைக்கிறார்களா?

கறுப்புக் கார் ஒன்றை ராத்திரி நேரத்தில் பெட்ரோல் பங்க் விளக்குக்கு அடியில் நிறுத்திவிட்டு, பானெட்டைக் கொஞ்சம் சாய்வாகப் பார்த்தால் போதும். விளக்கின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி நூல் நூலாக வட்டங்கள் தெரியும். தலையை நகர்த்தினால் வலையும் கூடவே நகரும். வாங்கி ஒரு வருஷம் ஆகாத வண்டியிலும் தெரியும். இதற்குப் பெயர் ஸ்வர்ல் மார்க். பார்த்தவுடன் வண்டிக்காரருக்கு வயிற்றைக் கலக்கும். அடுத்த சர்வீசுக்குப் போகும்போது கவுண்டரில் சொல்லுவார். சொல்லி முடிப்பதற்குள் பதில் வந்துவிடும்: "ஒண்ணுமில்ல சார், ஒரு ரப்பிங் பாலீஷ் போட்டுட்டா புதுசு மாதிரி ஆயிடும்!"

அநியாயம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

புதுசு மாதிரி ஆகத்தான் செய்யும், அதில் சந்தேகமே இல்லை. சாயங்காலம் வண்டியை எடுக்கும்போது கண்ணாடி மாதிரி மின்னும். ஆனால் அதற்குக் கொடுத்த விலை பில்லில் இருக்கும் தொகை மட்டும் அல்ல. பில்லில் வராத இன்னொரு விலை இருக்கிறது. அதைக் கவுண்டரில் யாரும் சொல்வதில்லை. கேட்கவேண்டும் என்று வண்டிக்காரருக்கும் தோன்றுவதில்லை.

எல்லாக் குழப்பத்துக்கும் காரணம் ஒரு வார்த்தை. "பாலீஷ் போடுவது" என்கிறார்கள். "போடுவது" என்றால் எதையோ மேலே பூசுகிறார்கள் என்றுதான் அர்த்தம் வரும். ஷூவுக்குப் போடும் பாலீஷ் அப்படித்தான். கறுப்பு மெழுகை எடுத்து மேலே பூசுவது. காரும் அதே மாதிரிதான் என்று ஜனங்கள் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் கார் பாலீஷ் ஷூ பாலீஷ் ஜாதி இல்லை. அது அரிசி பாலீஷ் ஜாதி! ரைஸ் மில்லில் அரிசிக்குப் பாலீஷ் போடுகிறார்கள் என்றால் எதையும் பூசுவதில்லை. மேலே இருக்கும் தவிட்டைச் சுரண்டி எடுக்கிறார்கள். அரிசி வெள்ளை வெளேரென்று பளபளக்கும், தவிட்டோடு சத்தும் போய்விடும். காரிலும் நடப்பது அட்சரம் பிசகாமல் இதேதான்.

எதைச் சுரண்டுகிறார்கள்? இன்றைய கார்களின் பெயிண்ட் பெரும்பாலும் நாலு அடுக்கு. தகட்டின் மேல் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். நாலும் சேர்ந்து ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான். அதில் கிளியர் கோட் மட்டும் சுமார் 35 முதல் 50 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கடையில் ஜெராக்ஸ் எடுக்கும் சாதாரண ஏ4 தாளின் கனம் சுமார் 100 மைக்ரான். அதில் பாதிகூட இல்லாத ஒரு படலம்தான் அந்த மினுமினுப்பு முழுவதையும் சுமந்துகொண்டிருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து கீழே இருக்கும் நிறத்தைக் காப்பதும் அதுவேதான். சென்னை வெயிலில் அதற்கு எவ்வளவு வேலை என்று சொல்லத் தேவையில்லை.

ஸ்வர்ல் மார்க் என்பது இந்தக் கிளியர் கோட்டின் மேல் தோலில் விழுந்த மெல்லிய கீறல்கள். நகத்தால் வருடினால் தட்டுப்படாது. இன்னொரு விஷயம், அவை உண்மையில் வட்டமே இல்லை! எல்லாத் திசையிலும் தாறுமாறாக விழுந்த கீறல்கள்தான். விளக்கைச் சுற்றிக் குறுக்காக அமைந்த கீறல்கள் மட்டும் ஒளியைக் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகின்றன, மற்றவை தெரிவதில்லை. அதனால் வட்டம் மாதிரி தோன்றுகிறது. தலையை நகர்த்தினால் வேறு கீறல்கள் மின்னும், வலை நகர்ந்த மாதிரி இருக்கும்.

இப்போது முக்கியமான சமாச்சாரம். "கீறலை எடுப்பது" என்று உலகத்தில் ஒன்று கிடையாது. கீறல் என்பது பள்ளம். பள்ளத்தை எப்படி எடுக்க முடியும்? பள்ளத்தின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியிருக்கும் மேட்டைத்தான் எடுக்க முடியும். அதாவது, ஒரு மெல்லிய கீறல் மறையவேண்டுமானால் பானெட் முழுக்க அந்த ஆழத்துக்குக் கிளியர் கோட்டைத் தேய்த்துத் தள்ளவேண்டும். தள்ளியது திரும்ப வராது. அது முடி இல்லை, வெட்டினால் வளர.

மென்மையான பாலீஷ் ஒன்று ஏறக்குறைய ஓரிரண்டு மைக்ரானை எடுக்கும். கரடுமுரடான காம்பவுண்டும் கம்பளிப் பேடும் சேர்ந்தால் அதைப்போலப் பல மடங்கு போகும். தடவைக்கு 3 மைக்ரான் என்று தாராள மனதோடு குறைவாகவே வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்துக்கு ஒரு சர்வீஸ், ஒவ்வொரு சர்வீசிலும் ஒரு ரப்பிங். ஐந்து வருஷத்தில் பத்து தடவை. பத்து மூணு முப்பது. இருந்ததே 40 என்றால் மிச்சம் 10. ஐந்தாம் வகுப்புக் கணக்குதான் இது. அதன் பிறகு ஒரு நாள் கூரையிலும் பானெட்டிலும் திட்டுத் திட்டாக வெளுத்து, வெங்காயத் தோல் மாதிரி உரியும்போது "இந்தக் கம்பெனி பெயிண்டே சரியில்ல சார்" என்பார்கள். பாவம் கம்பெனி!

அப்படியானால் இந்தப் பழக்கம் எப்படி வந்தது? அதற்கு ஒரு நியாயமான பழைய கதை உண்டு. அம்பாசிடரும் பத்மினியும் ஓடிய காலத்தில் மேலே கிளியர் கோட் என்ற தனி அடுக்கு இருக்காது. நிறமேதான் மேல் அடுக்கு. வெயிலில் அது மங்கி, சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிடும். காம்பவுண்டை வைத்துத் தேய்த்தால் செத்துப்போன மேல்படலம் போய், கீழே இருந்து நல்ல நிறம் வரும். தேய்த்த துணியில் கார் நிறம் ஒட்டும். அந்தப் பெயிண்டுக்கு அந்த வைத்தியம் சரி. ஆனால் அம்பாசிடர் தயாரிப்பே 2014-ல் நின்றுவிட்டது. வைத்தியம் மட்டும் நிற்கவில்லை. தாத்தாவுக்கு எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டைப் பேரனுக்கும் காட்டி மருந்து வாங்குகிற கதைதான் நடக்கிறது. (இன்றும் சில வண்டிகளின் வெள்ளை போன்ற சாதா நிறங்களில் கிளியர் கோட் இல்லாமல் இருக்கலாம். ஓரத்தில் லேசாகத் தேய்த்துத் துணியைப் பார்த்தால் தெரிந்துவிடும். அதைக்கூடப் பார்க்காமல் மெஷினை ஆன் செய்பவர்களைப் பற்றித்தான் இங்கே பேச்சு.)

மெஷினிலும் இரண்டு ஜாதி. பட்டறைகளில் வழக்கமாகப் பார்ப்பது ரோட்டரி. ஒரே அச்சில், நிமிஷத்துக்கு 600-லிருந்து 3000 சுற்று வரை சுற்றும். பேடு ஒரே இடத்தில் ஒரே திசையில் தேய்ப்பதால் சூடு ஏறும். பேனலின் விளிம்பிலும் மடிப்பிலும் பெயிண்ட் ஏற்கனவே மெலிந்துதான் இருக்கும். அங்கே ஒரு கணம் தங்கினால் போதும், கிளியர் கோட் காலி. பிளாஸ்டிக் பம்பரில் இன்னும் மோசம். இரும்பு மாதிரி சூட்டைக் கடத்திவிட அதற்குத் தெரியாது.

இன்னொன்று டூயல் ஆக்‌ஷன் என்கிற டிஏ மெஷின். பேடு சுற்றும்போதே அச்சும் இடம் மாறி மாறி ஆடும். ஒரே கோட்டில் திரும்பத் திரும்பத் தேய்க்காது. அதிகமாக அழுத்தினாலோ விளிம்பில் சாய்த்தாலோ பேடு சுற்றுவதை நிறுத்திவிடும். தப்புச் செய்பவரை மெஷினே கையைப் பிடித்து நிறுத்துகிறது. கொஞ்சம் நேரம் அதிகம் பிடிக்கும், அவ்வளவுதான். மெல்லிய ஸ்வர்ல் மார்க்குக்கு இது தாராளமாகப் போதும்.

ரோட்டரியைக் கையில் எடுத்தாலே பாவம் என்று சொல்லவில்லை. பல வருஷம் கை பழகியவர் அதில் அற்புதமாக வேலை செய்வார்; டிஏ மெஷினில் வராத முடிவைக்கூடக் கொண்டுவருவார். ஆனால் அந்த மாதிரி வேலைக்கு முழு நாள் வேண்டும். வரிசையில் பதினைந்து வண்டி நிற்க, ஒரு வண்டிக்கு ஒரு மணி நேரம்கூடக் கொடுக்காமல், நேற்றைய வண்டியின் மண் ஒட்டிய அதே கம்பளிப் பேடை வைத்து ஒரு பையனை வேலை வாங்கினால், அவன் என்னதான் செய்வான்? கோபம் அந்தப் பையன் மேல் இல்லை. அவனுக்கு நேரமும் கற்றுக்கொடுக்காமல், சுத்தமான பேடும் கொடுக்காமல், பில்லில் மட்டும் "ரப்பிங் & பாலீஷிங்" என்று ஒரு வரி போடுகிறவர்கள் மேல்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவசரமாக ஓட்டிய ரோட்டரி தன் பங்குக்கு ஒரு புதுத் தழும்பை விட்டுச் செல்லும். வெயிலில் பார்த்தால் வளைவு வளைவாக, நிழல் மாதிரி, பானெட் முழுக்க அலை அடிக்கும். இதற்கு ஹோலோகிராம் என்று பெயர். ஸ்வர்ல் மார்க்கை எடுக்கப் போய் ஸ்வர்ல் மார்க்கை வாங்கி வந்த கதை. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்களே, அது.

"ஆனா சாயங்காலம் எடுக்கும்போது நல்லாத்தானே இருந்தது?" என்று கேட்கலாம். இருந்திருக்கும். காரணம், காம்பவுண்டில் இருக்கும் எண்ணெயும், கடைசியில் பூசும் கிளேஸும் கீறல்களை நிரப்பி மறைத்துவிடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். நாலு தடவை கழுவியதும் பூசணிக்காய் வெளியே வந்து சிரிக்கும் :-) அப்போது அடுத்த சர்வீஸ் வந்திருக்கும், கவுண்டரில் அதே பதில், அதே பில். இந்த வியாபாரம் ஓடுவதே இந்தச் சுழற்சியில்தான்.

சரி, குறை சொல்வது சுலபம்; எப்படித்தான் செய்யவேண்டும்? பெரிய ரகசியம் எதுவும் இல்லை. பொறுமையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இருந்தால் வண்டிக்காரரே செய்யக்கூடிய வேலை.

முதலில் நன்றாகக் கழுவி, கிளே பாரால் ஒட்டியிருக்கும் அழுக்கை எடுக்கவேண்டும். இல்லாவிட்டால் அந்த மண்ணே பேடில் சிக்கிப் புதுக் கீறல் போடும். நிழலில், தகடு சில்லென்று இருக்கும்போது ஆரம்பிக்கவேண்டும். விளிம்புகளுக்கும் கறுப்பு ரப்பர், பிளாஸ்டிக் பட்டைகளுக்கும் மாஸ்கிங் டேப். பிறகு, இரண்டடிக்கு இரண்டடி ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் சோதனை. மென்மையான ஃபோம் பேடு, மென்மையான பாலீஷ் (மெகுவையர்ஸ் எம்205 மாதிரி), பட்டாணி அளவு நாலு சொட்டு. குறைந்த வேகத்தில் பரப்பிவிட்டு, நடுத்தர வேகத்துக்கு மாற்றி, செகண்டுக்கு ஓர் அங்குலம் என்கிற ஆமை நடையில், ஒரு வரிசை மேல் அடுத்த வரிசை பாதி ஏறுகிற மாதிரி, குறுக்கும் நெடுக்குமாக மூன்று நாலு தடவை. மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, தண்ணீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் எண்ணெயையும் எடுத்துவிட்டு, டார்ச் அடித்துப் பார்க்கவேண்டும். பூசணிக்காய் மறைந்திருக்கிறதா, உண்மையிலேயே போய்விட்டதா என்று அப்போதுதான் தெரியும்.

போய்விட்டதா? அதே முறையில் வண்டி முழுவதும். போகவில்லையா? பேடை ஒரு படி மாற்றலாம், அப்புறம் பாலீஷை ஒரு படி. சின்னதிலிருந்து பெரியதுக்குப் போவதுதான் முறை. பட்டறையில் நடப்பது தலைகீழ்: தலைவலிக்கு முதல் மருந்தே ஆபரேஷன்.

நூற்றுக்குத் தொண்ணூறு போனாலே நிறுத்திவிடுவதும் முக்கியம். நகத்தில் தட்டுப்படும் கீறல் ஒன்று இரண்டு மிச்சம் இருக்கும். இருக்கட்டும். அதைத் துரத்திக்கொண்டு போவது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதுதான். கனம் அளக்கும் கருவி கிடைத்தால் முன்னும் பின்னும் வைத்துப் பார்ப்பது நல்லது. ஆனால் சாதாரணக் கருவி எல்லா அடுக்கையும் சேர்த்துத்தான் சொல்லும். கிளியர் கோட் மட்டும் எவ்வளவு மிச்சம் என்று பிரித்துச் சொல்லாது. 120 காட்டுகிறது என்று துள்ளிக் குதிக்கவேண்டாம்.

"இந்தத் தலைவலியே வேண்டாம், செராமிக் கோட்டிங் போட்டுவிட்டால்?" என்பார்கள் சிலர். முன்பு டெஃப்லான் கோட்டிங் என்று ஷோரூமில் தலையில் கட்டினார்கள். டெஃப்லான் உருகுவதே சுமார் 327 டிகிரியில். தோசைக்கல்லில் அதைச் சூளையில் வைத்துத்தான் பிடிக்க வைக்கிறார்கள். துணியால் தடவினால் கார் கதவில் எப்படிப் பிடிக்கும்? செராமிக் அவ்வளவு மோசமில்லை. தண்ணீர் நிற்காது, அழுக்கு சுலபமாகப் போகும். ஆனால் கீறலை எடுக்காமல் மேலே போட்டால், கீறலுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிய மாதிரிதான். "9ஹெச் கடினம் சார், கீறலே விழாது" என்பதும் கதை. 9ஹெச் என்பது பென்சில் கணக்கு. எந்தப் பென்சிலால் கீறல் விழுகிறது என்று பார்க்கும் சோதனை. வண்டி மேல் வந்து உட்காருவது பென்சில் தூள் இல்லை, மணல். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் பென்சிலைவிட எத்தனையோ மடங்கு கடினம்.

அந்த மணலில்தான் மூலக் காரணமும் இருக்கிறது. ஸ்வர்ல் மார்க் வானத்திலிருந்து விழுவதில்லை. தூசி படிந்த வண்டியைக் காய்ந்த துணியால் துடைக்கும்போது விழுகிறது. பூக்கட்டு மாதிரி இருக்கும் டஸ்டரால் தட்டும்போது விழுகிறது. தெருவில் நிற்கும் வண்டிக்குத் தூசியோடு கவர் போட்டு, காற்றில் அது படபடவென்று அடித்துக்கொள்ளும்போது விழுகிறது. கீழே விழுந்த துணியை உதறி மறுபடி துடைக்கும்போது விழுகிறது.

இங்கே வண்டிக்காரர்கள் எல்லோரும் ஒரு ஆளைக் கைகாட்டுவார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் விடியற்காலை ஐந்து மணிக்கு வந்து கார் துடைப்பவர். "ஏம்ப்பா, என்ன துணி வெச்சுத் துடைக்கறே? வண்டியெல்லாம் கோடு கோடா இருக்கு!" என்று அதட்டுவார்கள். அவர் என்ன சொல்வார்? "நல்ல துணிதான் சார்" என்று பனியன் வேஸ்ட்டைக் காட்டுவார். மாசத்துக்குச் சில நூறு ரூபாய், ஒரு பக்கெட் தண்ணீர், ஒரு துணி, எட்டு மணிக்குள் பதினைந்து கார். முதல் காரின் மண் பக்கெட்டில் இறங்கி, பக்கெட்டிலிருந்து துணிக்கு ஏறி, துணியிலிருந்து இரண்டாவது காருக்குப் போகிறது. பதினைந்தாவது காருக்கு வரும்போது அது துணியே இல்லை, உப்புத்தாள். அந்த ஒரு பக்கெட்டைத் தந்தது அவர் இல்லை. "தண்ணிய வேஸ்ட் பண்ணாதே" என்று சொன்ன அதே சார்தான்!

பல லட்சம் கொடுத்து வாங்கிய வண்டி. அதற்கு இரண்டாவது பக்கெட் வாங்க மனசு வராது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரப்பிங்குக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க மனசு வரும். திட்டு மட்டும் கார் துடைப்பவருக்கு. இதுதான் இந்த விஷயத்திலேயே பெரிய அழுக்கு. எந்த காம்பவுண்டாலும் போகாத அழுக்கு.

கடைசியாக ஓர் ஆட்சேபம். அதுதான் உள்ளதிலேயே நியாயமான ஆட்சேபம். "வட்டம் வட்டமாகத் தெரிந்தால் என்ன குடி முழுகிவிடும்? அப்படியே விட்டால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. ஒன்றும் ஆகாது என்பதுதான் நேர்மையான பதில். ஸ்வர்ல் மார்க்கால் துரு ஏறாது, மைலேஜ் குறையாது, கிளியர் கோட் உரியாது. கீறலோடு பத்து வருஷம் ஓட்டுபவரின் வண்டி, வருஷம் இரண்டு தடவை தேய்ப்பவரின் வண்டியைவிட நன்றாகவே இருக்கும். நோய் யாரையும் கொல்லவில்லை, வைத்தியம்தான் கொல்கிறது. ஆகவே இரண்டே வழி. ஒன்று, டிஏ மெஷினில், மென்மையாக, ஒரே ஒரு தடவை முறையாக எடுத்துவிட்டு, மறுபடி வராமல் பார்த்துக்கொள்வது. இல்லையென்றால் சும்மா விட்டுவிடுவது. இரண்டும் இல்லாமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கவுண்டரில் தலையாட்டுவதுதான் தப்பு.

தலையாட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேட்டுப் பார்க்கலாம். என்ன மெஷின்? என்ன பேடு, புதிதா பழையதா? தேய்ப்பதற்கு முன்னும் பின்னும் கனம் அளந்து காட்டுவீர்களா? பதில் வராவிட்டால் ஜாப் கார்டில் அந்த ஒரு வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம். வாட்டர் வாஷ் பகுதியில் அதே கையோடு "காய்ந்த துணியால் துடைக்கவேண்டாம்" என்றும் எழுதச் சொல்லலாம். சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அந்த வரியை அடித்ததில் மிச்சமாகும் பணத்தில் இரண்டு பக்கெட், ஒரு ஷாம்பு பாட்டில், நாலு மைக்ரோஃபைபர் துணி வாங்கலாம். ஒரு பக்கெட்டில் ஷாம்பு, இன்னொன்றில் துணியை அலச வெறும் தண்ணீர். மேலிருந்து கீழே, சக்கரத்துக்குத் தனித் துணி. நாளைக் காலை ஐந்து மணிக்குக் கார் துடைப்பவர் வரும்போது அதைக் கொடுத்து, தினமும் துடைக்கவேண்டாம், வாரத்துக்கு இரண்டு நாள் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும், சம்பளம் அதேதான் என்று சொல்லிவிடலாம். அவருக்கும் முதுகுவலி குறையும், வண்டிக்கும் ஆயுசு கூடும்.